நாற்காலியும் செக் பவரும்

நேயர்களுக்கு வணக்கம். ஜனநாயகத்தின் சவால்கள் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாடாளுமன்றத்தைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஊராட்சி அலுவலகத்துக்குள் நுழைகிறேன். தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள் இருக்கின்றன.

உள்ளாட்சிக்கு உயிர் கொடுத்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவியில் இட ஒதுக்கீடு வந்தது. தமிழ்நாட்டில் 1996இல் தேர்தல் நடந்தது. மதுரை மாவட்டம் மேலவளவு தனித் தொகுதி ஆனது. மிரட்டல்களை மீறி நின்று ஜெயித்த முருகேசன், 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு ஐந்து பேர். ஓட்டுப் போட்டு ஜெயித்ததற்கு இந்த விலை.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளில் ஆதிக்க சாதியினர் வேறு வழி கண்டுபிடித்தார்கள். தேர்தல் அறிவிப்பு வரும், யாரும் மனுத் தாக்கல் செய்ய மாட்டார்கள். இல்லாவிட்டால் ஊர்ப் பெரியவர்கள் நிறுத்திய ஒருவர் ஜெயித்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்வார். சட்டப்படி எல்லாம் சரி! பத்து வருடம் இப்படியே ஓடியது. 2006இல்தான் அரசும் மாவட்ட நிர்வாகமும் முழுமூச்சாக இறங்கி அங்கே தேர்தலை நடத்தி முடித்தன.

தேர்தல் நடந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அப்போது பலர் நம்பினார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் எடுத்த படம் ஒன்று வெளியானது. தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் நாற்காலியில். அவர் பட்டியல் சாதிப் பெண். அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் இன்னொரு பெண் தலைவரைச் சுதந்திர தினத்தன்று கொடி ஏற்ற விடவில்லை. செய்தி வெளியானதும் ஆட்சியர் நேரில் போய் ஏற்ற வைத்தார். ஆட்சியர் வந்தால்தான் கொடி ஏறும் என்றால், அவர் கிளம்பிய மறுநாள் என்ன நடக்கும்?

நாற்காலி கண்ணுக்குத் தெரிகிறது, படம் எடுக்கலாம். படத்தில் வராத விஷயம் ஒன்று இருக்கிறது, கிராமத்தில் அதை 'செக் பவர்' என்பார்கள். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத் தலைவரும் போட வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பதவிக்கு இட ஒதுக்கீடு கிடையாது. அப்புறம் என்ன? தலைவர் பதவியை விட்டுக்கொடுத்த கூட்டம், பேனாவை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். வெட்டும் குத்தும் தேவையில்லை. கையெழுத்துப் போடாமல் இருந்தாலே போதும். மோட்டார் பழுது பார்ப்பது, தெரு விளக்குப் போடுவது எல்லாம் நிற்கும், ஊர் தலைவரைத்தான் திட்டும். 'அவங்களுக்கு நிர்வாகம் வராது' என்ற பழைய பேச்சுக்கு ஆதாரமும் தயார்.

துணைத் தலைவருக்குப் பதில் ஊராட்சிச் செயலர் கையெழுத்துப் போடட்டும் என்கிறார்கள் சிலர். தெற்குத்திட்டை விவகாரத்தில் நடவடிக்கைக்கு உள்ளானவர்களில் செயலரும் ஒருவர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். செயலரும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்தான்.

இதற்கு நடுவே தேர்தலே நடக்காத காலமும் உண்டு. 2016இல் பதவிக்காலம் முடிந்தது, பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் வந்தது, மற்ற ஒன்பது மாவட்டங்களில் 2021இல். 2019இல் ஜெயித்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிய, மறுபடியும் அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஐந்து ஆண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்பது அரசியல் சட்டம். தொகுதி வரையறை, வழக்கு என்று காரணங்கள் சொல்கிறார்கள். சட்டமன்றத் தேர்தலை இப்படி மூன்று வருடம் தள்ளிப்போட எந்தக் கட்சியாவது சம்மதிக்குமா?

என்னைக் கேட்டால், முதலில் மாற்ற வேண்டியது அந்தக் காசோலை விதி. ஒப்புதல் பெற்ற வேலைக்கான காசோலையில் துணைத் தலைவர் ஒரு வாரத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் தலைவர் கையெழுத்தே போதும் என்று விதி வரட்டும். இப்போது ஆட்சியரிடம் மனு கொடுத்து மாற்று ஏற்பாடு கேட்கலாம்தான். கோப்பு நகர்ந்து உத்தரவு வரும்வரை குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது.

வணக்கம்.