கண் இமைக்காமல் நிற்கப் பழகுவது

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையைச் சுற்றியுள்ள பல ஊர்களில் மந்தையிலோ கோயில் ஓரத்திலோ உருண்டையான ஒரு கல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இளவட்டக்கல் என்பார்கள். அதைத் தூக்குகிறவனுக்குத்தான் பெண் கொடுத்தார்கள் என்ற பேச்சு இருப்பதால் கல்யாணக்கல் என்றும் பெயர் உண்டு. இன்று பல இடங்களில் அது வெறுமனே மண்ணில் புதைந்து கிடக்கிறது. உடற்கல்வி ஆசிரியையாகப் பிள்ளைகளோடு காலம் கழித்த எனக்கு அது வருத்தம் தருகிற காட்சி.

அந்தக் கல்லில் பிடி கிடையாது. வழவழவென்று இருக்கும். குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அணைத்து, முதலில் தொடைமேல் ஏற்ற வேண்டும். அங்கே ஒரு மூச்சு. பிறகு நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிமிர வேண்டும். நெஞ்சிலிருந்து தோள், தோளிலிருந்து முதுகுப் பக்கமாகக் கீழே. பார்க்கிறவர்களுக்குக் கை தூக்குவதாகத் தோன்றும். தூக்குவது தொடையும் இடுப்பும். பொங்கலன்று ஊர் கூடி நிற்கும்போது தோளில் ஏற்றுகிறவன், அன்றைக்குத்தான் முதன்முதலாக அதைத் தொட்டவனாக இருக்க மாட்டான். யாரும் பார்க்காத மாலைகளில் தொடை வரைக்கும் மட்டும் ஏற்றி இறக்கிப் பழகியிருப்பான்.

பலம் பிறவியிலேயே வருவது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. உயரமும் எலும்பின் கனமும் பிறப்பில் வரலாம். பலம் பழக்கத்தில் வருகிறது. உடம்புக்கு நேற்றைவிடச் சற்றே கூடுதலான சுமையைக் கொடுத்து, பிறகு சோறும் தூக்கமும் ஓய்வும் கொடுத்தால் அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. பயிற்சியின் முதல் சில வாரங்களில் தசை பெரிதாகப் பருப்பதில்லை. ஆனாலும் பலம் கூடுகிறது. ஏனென்றால், ஏற்கனவே இருக்கிற தசைநார்களை ஒன்றுகூட்டி வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை என்று அந்த வாரங்களில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மனத்துக்கும் இதே வழிதான் என்பது என் திடமான நம்பிக்கை. சிலம்பம் கற்க வரும் பிள்ளையைக் கவனியுங்கள். எதிரே கம்பு சுழன்று வந்தால் முதல் நாளில் கண்ணை மூடிக்கொள்ளும், தோளைக் குறுக்கும், ஒரு கால் தானாகப் பின்னே போகும். நல்ல ஆசான் அதற்காகத் திட்ட மாட்டார். தள்ளி நின்று மெதுவாக வீசுவார். பிள்ளையின் கண் திறந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஓரடி முன்னே வருவார். இப்படியே சில மாதங்களில், கம்பு முகத்துக்கு முன்னால் காற்றைக் கிழித்துப் போகும்போதும் இமைக்காமல் நிற்கிற பிள்ளையை நீங்கள் பார்க்கலாம். பயம் அதற்குள் இன்னும் இருக்கிறது. பயத்தோடு நிற்கத் தெரிந்துவிட்டது. வீட்டில் "இவள் பயந்த சுபாவம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுகிற பெற்றோரே, தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் யாரும் மெதுவாகக் கம்பு வீசிக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

சரி, உடம்பே கைவிட்டுவிட்டால்? இந்தக் கேள்விக்கு மதுரையில் பதில் தேட வெகுதூரம் போக வேண்டாம். 1918-இல் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, மருத்துவப் படிப்பு முடித்து ராணுவ மருத்துவரானவர். முப்பது வயதில் முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டுக் கண் மருத்துவம் படித்தார். மடங்கிப்போன அந்த விரல்களுக்கே கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். தம் கையாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976-இல், 58-ஆவது வயதில், பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

கோணிய விரலை நேராக்க அவரால் முடியவில்லை. அதைக்கொண்டே என்ன செய்யலாம் என்று பார்த்தார். ஓய்வூதியத்தோடு வீட்டில் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கண்புரையால் பார்வை இழந்த ஏழைகள் அவர் மனத்தில் இருந்தார்கள். அவரை எழுப்பி நடத்தியது அதுதான். உள்வலிமை என்று நான் நினைப்பது இதைத்தான். தனக்காக மட்டும் திரட்டிய பலம் நோய் வந்த அன்றே ஓய்ந்துவிடுகிறது. இன்னொருவருக்காக எழுந்து பழகியவருக்கு, உடம்பு மறுக்கும்போதும் எழக் காரணம் இருக்கிறது.

கீழக்குயில்குடி சமணர் மலையில் படியேறினால் பேச்சிப்பள்ளத்துப் பாறையில் தீர்த்தங்கரர்களோடு பாகுபலியும் நிற்கிறார். அண்ணன் பரதனை மற்போரில் வென்றுவிட்டு, ஓங்கிய கையை இறக்கி, நாட்டையும் விட்டுக்கொடுத்து, கொடிகள் காலில் படரும்வரை அசையாமல் தவம் நின்றவர் என்பது சமணர் கதை. ஜெயித்த கையை இறக்குவதற்கும் பலம் வேண்டும். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகிறவர்கள் இதையும் சொல்லிக்கொடுங்கள்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றியும் ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் காலையில் எத்தனையோ பேர் நடக்கிறார்கள். நல்லது. வாரத்துக்கு 150 நிமிடம் இப்படி மிதமாக உழைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் அதே பரிந்துரையில், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் இருக்கிறது. நடக்கிறவர்களில் பலர் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். "வீட்டு வேலையே போதுமே" என்கிற பெண்களிடமும் இதையே சொல்வேன். வீட்டு வேலை உழைப்புதான், சந்தேகமில்லை. ஆனால் சுமை கூடுவதில்லை. அதே குடம், அதே விளக்குமாறு.

அறுபதைக் கடந்தவர்கள் நாற்காலியில் தொடங்கலாம். சுவரை ஒட்டிப் போட்ட, கை வைத்த நாற்காலியாக இருக்கட்டும். கையை ஊன்றி எழுந்து, மெதுவாக உட்காருங்கள். 'தொப்'பென்று விழாமல், இறங்கும்போதும் தொடையைத் தாங்க விடுங்கள். ஐந்து முறை போதும். அது எளிதான பிறகு ஒரு கையை எடுங்கள், அப்புறம் இன்னொரு கையை. மூட்டு வலியோ இதய நோயோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். தனியாகச் செய்வதைவிடப் பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.