தேனிலவில் பள்ளிக்கூடம் பார்க்கப் போன கல்வி அதிகாரி!

கல்யாணம் முடிந்த கையோடு புது மனைவியை ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போகிறார் ஒருவர். எதைக் காட்ட? பள்ளிக்கூடம். அது அலுத்தால் சிறைச்சாலை!

[திரையில்: ஹொரேஸ் மான், 1796–1859]

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1837-இல் கல்வி வாரியம் அமைத்தபோது அதன் முதல் செயலாளர் இவர்தான். அதற்கு முன் வக்கீல், மாநில செனட் தலைவர். சரி, அது போதும்.

பதவி பெரிது, அதிகாரம் பூஜ்யம். பள்ளிகள் அந்தந்த ஊர்க் கமிட்டியின் கையில். ஓர் ஆசிரியரைக்கூட இவரால் மாற்ற முடியாது. விவரம் சேகரிக்கலாம், ஊர் ஊராகப் போய்ப் பேசலாம், வருடா வருடம் அறிக்கை எழுதலாம். அவ்வளவுதான். 1839-இல் இவர் முயற்சியில் லெக்சிங்டனில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்தது. முதல் நாள் வந்தவர்கள் மூன்றே பெண்கள்.

இப்போது தேனிலவுக்கு வருவோம். 1843 மே மாதம் மேரி பீபாடியை மணந்து கப்பல் ஏறுகிறார். அதே கப்பலில் இன்னொரு புதுமணத் தம்பதி: சாமுவேல் ஹோவ், ஜூலியா வார்ட். ஹோவ் பார்வையற்றோர் பள்ளி நடத்துபவர். ஆக, இரண்டு மாப்பிள்ளைகளுமே பள்ளிக்கூடப் பைத்தியம்! மேரியும் ஆசிரியைதான், அதனால் தப்பித்தார் மான். ஜூலியாவை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

ஐரோப்பாவில், அன்றைய ஜெர்மானிய நாடான பிரஷ்யாவில் மான் அசந்துபோனார். பள்ளி பள்ளியாகச் சுற்றியும், அடிக்குப் பயந்து அழும் ஒரு குழந்தையைக்கூடப் பார்க்கவில்லை என்று தன் ஏழாவது அறிக்கையில் எழுதினார். மாசசூசெட்ஸின் தலைநகரான பாஸ்டன் வாத்தியார்களுக்குச் சுருக்கென்றது. 1844-இல் 31 பேர் சேர்ந்து 144 பக்கத்தில் மறுப்பு வெளியிட்டார்கள். பிரம்பு இல்லாமல் வகுப்பா, என்பது அவர்கள் கட்சி. மான் விடுவாரா? 176 பக்கத்தில் பதில்! அவர்கள் அதற்கும் பதில் எழுத, இவர் அதற்கும் எழுத... நம் கமெண்ட் பகுதியே பரவாயில்லை.

அப்புறம் 1848-இல் பதவியை விட்டு நாடாளுமன்றம், கவர்னர் தேர்தலில் தோல்வி, ஓஹையோவில் ஆன்டியாக் கல்லூரித் தலைவர்.

என் ஓட்டு மானுக்கு. ஆனால் மாசசூசெட்ஸ் பள்ளிகளில் அடிக்கத் தடைச் சட்டம் வந்தது எப்போது தெரியுமா? 1971-இல்! நீங்கள் வாத்தியாரிடம் அடி வாங்கியவரா? எதற்கு என்று கீழே எழுதுங்கள். சுவையான பதில்களை அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன்.