முகம் கொடுத்தவர்களின் பெயர் எங்கே?

விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரையிலேயே திரைவரலாற்றின் பெரும்பகுதியைத் தொட்டுக்காட்டிய செயலாளர் அவர்களே, எனக்கு முன் பேசி அவையை உருக வைத்துவிட்டு அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்த நாடகக் கலைஞர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் இளைஞர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். உடல்நலம் சரியில்லாத நிலையிலும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட தலைவர் அவர்களுக்கு இந்த அவை சார்பில் இன்னொரு முறை வணக்கம் சொல்ல வேண்டும்.

வாழ்ந்த மனிதர்களைத் திரையில் வாழவைத்த நடிகர்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். குரல், உடல்மொழி, உருவம் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

கற்பனைப் பாத்திரத்தை ஒருவர் எப்படி நடித்தாலும் "அவர் இப்படி இருக்கமாட்டார்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வாழ்ந்தவரை நடிக்கும்போது புகைப்படம் சாட்சி சொல்லும், ஒலிப்பதிவு சாட்சி சொல்லும், பெற்ற பிள்ளைகள் வந்து சாட்சி சொல்வார்கள். நடிகர் திலகம் சிவாஜி கணேசனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1959-இல், பி.ஆர்.பந்துலு அவர்களின் இயக்கத்தில் கட்டபொம்மன். அந்த வீரனுக்குப் புகைப்படம் கிடையாது. சிவாஜியின் முகமே மக்கள் மனத்தில் கட்டபொம்மன் முகமாக நிலைத்துவிட்டது. இரண்டே ஆண்டுகளில், அதே பந்துலு அவர்களின் இயக்கத்தில் வ.உ.சிதம்பரனார். இவர் 1936 வரை வாழ்ந்தவர். படமும் இருக்கிறது, பார்த்துப் பழகியவர்களும் இருந்தார்கள். முன்னதில் ஒரு முகத்தைப் படைக்க வேண்டும். பின்னதில் தன் முகத்தையே மறைக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கலைகள். இரண்டாவதே கடினம் என்பது என் உறுதியான கருத்து.

எந்த மேடை ஏறினாலும் நான் சொல்கிற பழமொழி உங்களுக்குத் தெரியும்: ஆள் பாதி, ஆடை பாதி. அந்த ஆள் பாதிக்கு விருது கொடுக்கிறோம், மாலை போடுகிறோம். ஒப்பனை என்கிற மற்றப் பாதியை யார் செய்தார்கள்?

ஒரு வரலாற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் ஜோசப் மெரிக் என்றொரு மனிதர் இருந்தார். உடலின் பெரும்பகுதி உருக்குலைந்து வளர்ந்திருந்ததால், காட்சிப் பொருளாக்கி, காசு வாங்கிக்கொண்டு ஊருக்குக் காட்டினார்கள். பிறகு ஒரு மருத்துவமனை அடைக்கலம் தந்தது. 1890-இல், 27 வயதில் இறந்தார். இவருடைய வாழ்க்கை 1980-இல் 'தி எலிஃபன்ட் மேன்' என்று படமானது. இயக்குநர் டேவிட் லிஞ்ச் ஒப்பனையைத் தாமே செய்துபார்த்தார், கைகூடவில்லை. அதன் பிறகுதான் ஒப்பனைக் கலைஞர் கிறிஸ்டோபர் டக்கர் வந்தார். மெரிக் இறந்ததும் அவருடைய உடலிலிருந்து எடுத்த வார்ப்புகளை அந்த மருத்துவமனை பாதுகாத்து வைத்திருந்தது. டக்கர் அவற்றைப் பார்த்துப் பார்த்து, அந்தத் தலையை, அந்தக் கையை மறுபடி உருவாக்கினார். மெரிக்காக நடித்த ஜான் ஹர்ட் நாற்காலியில் உட்கார்ந்தால் ஏழெட்டு மணி நேரம் ஒப்பனை. அதன் பிறகுதான் நடிப்பு! அத்தனை சுமைக்கும் உள்ளேயிருந்து அவருடைய கண்கள் பேசின. பார்த்தவர்கள் அழுதார்கள்.

அந்த ஆண்டு ஆஸ்கரில் படத்துக்கு எட்டுப் பரிந்துரைகள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஹர்ட்டுக்குக் கிடைக்காத சிறந்த நடிகர் விருதைப் பெற்றவர் ராபர்ட் டி நிரோ. அவர் ஏற்றதும் ஜேக் லமோட்டா என்ற உண்மையான குத்துச்சண்டை வீரரின் பாத்திரம்தான். அதில் எனக்குக் குறையில்லை, அவர் தகுதியானவர். என் ஆதங்கம் டக்கரைப் பற்றியது. ஒப்பனைக்கென்று அப்போது நிரந்தரப் பிரிவே இல்லை. சிறப்பு விருதாவது கொடுங்கள் என்று கேட்டார்கள், ஆஸ்கர் வழங்கும் அகாதெமி மறுத்துவிட்டது. திரைத்துறையினர் கொதித்து எழுந்தார்கள். அடுத்த ஆண்டே ஒப்பனைக்குத் தனி விருது பிறந்தது! அதற்குக் காரணமான டக்கரின் கையில் அந்தப் படத்துக்காக ஆஸ்கர் சேரவே இல்லை. ஆள் பாதி, ஆடை பாதி என்கிறோமே, இங்கே முக்கால் பங்கு அவருடையது.

நம் நாட்டில் என்ன நிலை? தேசிய திரைப்பட விருதுகள் 1950-களிலேயே தொடங்கிவிட்டன. ஒப்பனைக்கு அதில் தனி விருது வந்தது 2006-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். அரை நூற்றாண்டு காத்திருக்க வைத்தோம், நண்பர்களே.

மனம் குளிர்கிற செய்தியும் இருக்கிறது. சர்ச்சிலாக நடிக்கக் கேரி ஓல்ட்மனை அழைத்தபோது, காசுஹிரோ சுஜி ஒப்பனை செய்தால்தான் நடிப்பேன் என்றார் அவர். சுஜியோ சினிமாவை விட்டுவிட்டுச் சிற்பம் செய்துகொண்டிருந்தார். ஓல்ட்மன் விடவில்லை, அழைத்து வந்தார். 2018-இல் இருவருக்குமே ஆஸ்கர். தன் பாதி எங்கே இருக்கிறது என்று அறிந்த நடிகர் அவர்!

குரலைப் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். 2000-இல் வந்த 'பாரதி' படத்தில் மகாகவியாக நடித்த சாயாஜி ஷிண்டே மராத்தியர். அவருக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவர் வேறொருவர். அதையே ஒரு தனிக் கூட்டமாகப் பேசலாம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆகவே உடல்மொழியை இன்னொரு நாளுக்கு வைத்துவிட்டு, என் கோரிக்கைக்கு வந்துவிடுகிறேன்.

வாழ்ந்தவர் ஒருவரின் வரலாற்றைப் படமாக்கும் தயாரிப்பாளர்கள், சுவரொட்டியில் நடிகர் பெயருக்கு அடுத்த வரியில் ஒப்பனைக் கலைஞர் பெயரை அச்சிட வேண்டும். படத்தின் தொடக்கத்திலேயே அந்தப் பெயர் தனியாக வர வேண்டும். இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, தயாரிப்பாளர் அமைப்புகளுக்கு இந்த மன்றம் அனுப்ப வேண்டும்.

இன்னும் சற்று நேரத்தில் இங்கே 'காந்தி' படம் திரையிடப் போகிறீர்கள். இளம் வழக்கறிஞர் முதல் 78 வயது முதியவர் வரை அத்தனை வயதிலும் பென் கிங்ஸ்லி ஒருவரே வருகிறார். அழைப்பிதழில் அவர் பெயர் இருக்கிறது, இயக்குநர் அட்டன்பரோ பெயர் இருக்கிறது. அந்த ஒப்பனைக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற டாம் ஸ்மித்தின் பெயர் இல்லை. செயலாளர் அவர்களே, விளக்கை அணைப்பதற்கு முன் ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைப் படித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.