அடுப்படி இருக்கட்டும், பட்டறைக்கு வாருங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ராயபுரத்துப் பெருமக்களே, வணக்கம்.

‘அந்தக் காலத்தில் ஆட்டுக்கொழுப்பும் மாட்டுக்கொழுப்பும் பெரிதும் உதவியது அடுப்படிக்கா, பட்டறைக்கா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அக்கா, குழம்பில் மிதக்கும் கொழுப்புத் துண்டைப் பற்றிச் சொன்னதும் கூட்டமே கை தட்டியது. நானும் தட்டினேன். வெறும் சட்டியில் கொழுப்பைப் போட்டு, அது உருகி விடும் நெய்யிலேயே வெங்காயத்தை வதக்கிச் செய்கிற சுக்காவுக்கு ஈடே கிடையாது.

ஆனால் நடுவர் அவர்களே, கொழுப்பு கிடைக்காத நாளில் எந்த வீட்டு அடுப்பாவது எரியாமல் இருந்ததா? செக்கில் நல்லெண்ணெய் இருந்தது, கடலை எண்ணெய் இருந்தது. ருசி கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். பட்டறையில் அப்படி இல்லை.

காரணம் கொழுப்பின் குணம். எண்ணெய் வழிந்தோடிவிடும். ஆட்டுக்கொழுப்பு நம் சென்னை வெயிலிலும் கெட்டியாக நிற்கும், 45 டிகிரி பக்கம் போனால்தான் உருகும். தடவிய இடத்தை விட்டு நகராது. தண்ணீர் பட்டால் கரையாது. சூடு ஏறினால் இளகி வழுக்கும். ஆட்டுத்தொட்டியில், அதாவது ஆடு அறுக்கிற இடத்தில், மிஞ்சிய கொழுப்பைப் பொடியாக நறுக்கி, இளந்தீயில் காய்ச்சி, சக்கையை வடித்து ஆற வைத்தால் வெள்ளை வெளேர் என்று கட்டி தயார். பெட்ரோலிய கிரீஸ் வருவதற்கு முன்னால் வேலைக்காரன் கையில் இருந்தது இதுதான்.

1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அந்தக் காலத்து நீராவி என்ஜினில் சிலிண்டருக்கு மசகு எது? உருக்கிய கொழுப்பு! அதை ஊற்றுவதற்கென்றே என்ஜினில் ஒரு கிண்ணம் இருக்கும். வண்டி அச்சுக்குப் போட்ட கிரீஸிலும் கொழுப்போடு பாமாயிலும் சலவைச் சோடாவும்தான். பின்னாளில் நீராவியின் சூடு கூடியபோது கொழுப்பு அமிலமாகி இரும்பை அரித்தது, அதனால் மினரல் ஆயில் வந்தது. இதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதுவரை ரயிலை ஓட்டியது கொழுப்புதானே?

அடுத்து மில். பின்னி மில்லை மறந்துவிட்டு வடசென்னையைப் பற்றிப் பேச முடியுமா? 1918இல் மெட்ராஸ் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கம் பிறந்ததே அந்தத் தொழிலாளிகளால்தான். பருத்தி மில்லில் பாவு நூலை, அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூலை, தறியில் ஏற்றுமுன் கஞ்சி போட வேண்டும். வெறும் மாவுக்கஞ்சி போட்டால் நூல் காய்ந்து மொடமொடவென்று ஆகி, தறி அடிக்கிற அடியில் அறுந்துவிடும். ஒரு இழை அறுந்தால் தறி நிற்கும், பீஸ் ரேட்டில் வேலை செய்பவனின் கூலியும் நிற்கும். அதனால்தான் கஞ்சியில் ஆட்டுக்கொழுப்பைக் கலப்பது பருத்தி மில்களில் வழக்கமாக இருந்தது. நூல் மிருதுவாகும், உராய்வு குறையும். எந்திரங்களைச் சுற்றிய தோல் பெல்ட் வெடிக்காமல் இருக்கவும் கொழுப்பும் மீனெண்ணெயும்தான் தேய்த்தார்கள். சுக்கா செய்ய மட்டன் வாங்கியதே அந்தக் கூலியில்தான், அக்கா!

காசிமேட்டு மீனவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரப்படகின் பலகைக்கு மீனெண்ணெய் பூசினால்தான் உப்புத் தண்ணீரைத் தாங்கும். என்ஜின் படகில் புரொபெல்லர் தண்டு வெளியே போகிற துளை வழியாகக் கடல் உள்ளே வராமல் அடைக்க, கொழுப்பில் ஊறிய கயிற்றைத் திணிப்பது உலகெங்கும் இருந்த வழக்கம். படகுக்குள் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு தாய்க்கும் தெரியும்.

எதிரணித் தம்பி ஒருவர், ‘1857இல் தோட்டாவில் கொழுப்பைத் தடவியதால்தானே சிப்பாய்கள் கொதித்தார்கள், அது பட்டறைக் கொழுப்புதானே?’ என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் தம்பி, அவர்கள் ஏன் கொதித்தார்கள்? அந்தத் தோட்டா உறையைப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் வாய்க்குப் போகிறதே என்பதுதான் அவர்களின் கோபம். 1983இல் வனஸ்பதியில் மாட்டுக்கொழுப்பு கலந்த விவகாரம் வெடித்து, அந்தக் கொழுப்பின் இறக்குமதிக்கே தடை வந்ததும் சாப்பாட்டில் நுழைந்ததால்தான்.

அடுப்படிக் கொழுப்பு கறி சாப்பிடுகிறவருக்கு மட்டும்தான் உதவியது, அதிலும் இன்ன கறி சாப்பிடுகிறவர் என்று பிரிவு உண்டு. பட்டறைக் கொழுப்பு ஓட்டிய ரயிலில் சைவரும் ஏறினார். அந்தக் கஞ்சி போட்டு நெய்த துணியை வெளுத்து ஊரே உடுத்தியது. யாருக்கு அதிகம் உதவியது என்பதுதானே நடுவர் அவர்களே, நீங்கள் கேட்ட கேள்வி? தீர்ப்பைப் பட்டறைக்கே தாருங்கள். நன்றி, வணக்கம்.