எண்ட்பாயின்ட்ஸ்ல கணக்கு ஏன் டபுளா வருது? வயர்ஷார்க் கேள்வி பதில்

குடியாத்தத்துல இருந்து ஒரு தம்பி கேட்டுக்கீறாரு, "அண்ணா, வயர்ஷார்க்ல எண்ட்பாயின்ட்ஸ் போயி ஐபிவி4 டேப்ல பைட்ஸை எல்லாம் கூட்டுனா, கான்வர்சேஷன்ஸ்ல வர்றதவிட கரெக்டா டபுள் வருது, சாஃப்ட்வேர் தப்பா?"ன்னு. வயர்ஷார்க்னா நெட்வொர்க்ல போற வர்ற டேட்டாவ புடிச்சு காட்டுற சாஃப்ட்வேர்; அதுல எண்ட்பாயின்ட்ஸ் விண்டோ ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி கணக்கு காட்டும், கான்வர்சேஷன்ஸ் விண்டோ பேசிக்கிற ரெண்டு மெஷினுக்கும் சேத்து கணக்கு காட்டும். எவ்ளோ பேரு உக்காந்து கூட்டிப் பாப்பாங்க சொல்லுங்க, எனக்கு ரொம்ப புடிச்சுது இந்தக் கேள்வி.

தப்பு இல்ல பா. ஆம்பூர்ல இருந்து ராணிப்பேட்டைக்கு ஒரு லாரி தோலு போவுதுன்னு வச்சுக்கோங்க, ஆம்பூர்ல அனுப்புன கணக்குல எழுதுவான், ராணிப்பேட்டைல வந்த கணக்குல எழுதுவான், ஆனா லாரி ஒண்ணுதான? அதேதான். 192.168.1.10 கிட்ட இருந்து 192.168.1.5க்கு 1514 பைட் பாக்கெட், அதாவது டேட்டா துண்டு, ஒண்ணு போவுது. கான்வர்சேஷன்ஸ்ல ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே வரி, 1514. எண்ட்பாயின்ட்ஸ்ல ஆளுக்கு ஒரு வரி, அனுப்புனவனுக்கு டிஎக்ஸ்ல (அனுப்புன கணக்கு) 1514, வாங்குனவனுக்கு ஆர்எக்ஸ்ல (வந்த கணக்கு) 1514, நீங்க கூட்டுனா 3028 வராம இன்னா வரும்?

ஆனா தம்பி, நீங்க கேக்க வேண்டியது வேற. எங்க நின்னு கேப்சர் பண்ணீங்க, அதாவது டிராஃபிக்கை எந்த இடத்துல புடிச்சீங்க? சுவிட்ச் (மெஷினுங்களை ஒண்ணா சேக்கற பொட்டி) பத்தின வீடியோல தொண்டை கிழிய சொன்னேன், திரும்பவும் சொல்றேன், லேப்டாப்பை சும்மா சுவிட்ச்ல ஒரு போர்ட்ல சொருவுனா உன் டிராஃபிக்கும், எல்லாருக்கும் போற பிராட்காஸ்ட், ஒரு குரூப்புக்கு போற மல்டிகாஸ்ட்டும்தான் வரும், பக்கத்து சீட்காரன் இன்னா பண்றான்னு தெரியாது. சத்துவாச்சாரில ஒரு ஆபீஸ்ல நெட்டு ஸ்லோ, அங்க இருந்த பையன் கான்வர்சேஷன்ஸ் தொறந்து வச்சுகினு "ஒண்ணுமே இல்லண்ணா"ங்கறான், எப்படி இருக்கும், பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் வரியை விட்டா எல்லா வரிலயும் அவன் லேப்டாப் ஐபியே கீது! ரவுட்டர் போற போர்ட்டை மிரர் பண்ணி, அதாவது அதுல போறதோட காப்பி எங்க போர்ட்டுக்கும் வர்ற மாதிரி வச்சு, பைட்ஸ் காலம் தலைப்பை கிளிக் பண்ணி பெருசு மேல வர்ற மாதிரி வச்சோம், மொத வரிலயே கேமரா ரெக்கார்டர் உக்காந்துகினு கீது. வெளிய போற பக்கம் பைட்ஸ் மலை மாதிரி, உள்ள வர்ற பக்கம் ஒண்ணுமில்ல, அப்லோடு பண்ணிகினே இருந்துச்சு. டோட்டலை மட்டும் பாத்தா இது தெரியாது, ஏ-ல இருந்து பி, பி-ல இருந்து ஏ (ஏ, பின்னா அந்த வரில கீற ரெண்டு மெஷினு), ரெண்டு காலமும் பாக்கணும். அந்த வரிலயே ரைட் கிளிக் பண்ணி அப்ளை அஸ் ஃபில்டர் குடுத்தா அந்த ரெண்டு பேரு பேசுனது மட்டும் வந்துரும்.

இன்னொண்ணு, ரெண்டு விண்டோலயும் 'லிமிட் டு டிஸ்ப்ளே ஃபில்டர்'னு ஒரு டிக் கீது, ஒண்ணுல போட்டு இன்னொண்ணுல விட்டுட்டீங்கன்னா அப்புறம் எந்தக் கணக்கும் ஒத்துப் போவாது, அதைப் பாத்துட்டு கூட்டுங்க.