'நேற்று என்ன செய்தீர்கள்?' - வேலையைத் தேடும் முன் கேட்க வேண்டிய கேள்வி

வணக்கம். இன்றைக்குப் பின்னணி இசை, வெட்டி ஒட்டும் வேலை எதுவும் இல்லை. நேராக உட்கார்ந்து பேசப்போகிறேன். பள்ளியின் கடைசி வருடங்களில் இருப்பவர்களும் கல்லூரியில் இப்போதுதான் கால் வைத்தவர்களும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எனக்கு மாணவர்கள் அதிகமாக அனுப்பும் கேள்வி, "நான் எந்த வேலைக்குப் போகலாம்?" என்பதுதான். உங்களுக்குத் தெரிந்த வேலைகளை வரிசையாகச் சொல்லுங்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். டாக்டர், இன்ஜினியர், வக்கீல், டீச்சர், போலீஸ், பைலட்... ஏழெட்டுப் பெயர் வந்ததும் பேச்சு நின்றுவிடும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உலகில் உள்ள தொழில்களை வகை பிரித்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2008-இல் திருத்திய பட்டியலில் 10 பெரும் பிரிவுகள்; பிரித்துக்கொண்டே போனால் கடைசி அடுக்கில் 436 தொழில் வகைகள். அந்த ஒவ்வொரு வகைக்குள்ளும் இன்னும் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. அவ்வளவு பெரிய உலகத்தில் ஏழெட்டுப் பெயரை மட்டும் காட்டி, இதில் ஒன்றை எடு என்று பிள்ளைகளை அவசரப்படுத்துகிறோமே என்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

சரி, பெயர் தெரிந்துவிட்டால் வேலை தெரிந்துவிடுமா? எனக்குப் பதினேழு வயதில் வக்கீல் ஆக வேண்டும் என்று ஆசை. பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிறவள், வக்கீல் என்றால் பேசுகிறவர், அவ்வளவுதான் என் கணக்கு. எங்களுக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல், "நேற்று என்னக்கா செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். காலையில் மூன்று மணி நேரம் பழைய பத்திரங்களைப் படித்தாராம். நீதிமன்றத்தில் நெடுநேரம் காத்திருந்தாராம். நான்கு நிமிடம் பேசினாராம், வழக்கு தள்ளிப்போனது. மாலையில் மறுபடியும் பத்திரங்கள். அவற்றில் யாரும் கவனிக்காத ஒரு வரியைக் கண்டுபிடித்ததைச் சொல்லும்போது அவர் முகம் அப்படி மலர்ந்தது. எனக்கோ அந்தக் காகிதக் கட்டைப் பார்த்ததுமே மனம் சோர்ந்துவிட்டது. அவருக்கு அந்த வேலை அவ்வளவு பொருத்தம், எனக்குப் பொருத்தமில்லை. அரை மணி நேரத்தில் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான். "உங்கள் வேலை எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள். நேற்றைப் பற்றிக் கேட்டால் உண்மையான ஒரு நாள் வெளியே வரும்.

1908-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்கு வேலை பற்றி ஆலோசனை சொல்ல ஓர் அலுவலகம் தொடங்கினார். அவர் சொன்னவை மூன்று: உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், இரண்டையும் நிதானமாகப் பொருத்திப் பார். இன்றைக்கு முதல் பாகத்துக்கு எத்தனையோ தேர்வுகள் வந்துவிட்டன. ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959-இல் முன்வைத்த ஆறு வகையை வைத்துப் பல தேர்வுகள் நடக்கின்றன. கையால் செய்வது, ஆராய்வது, கலையாகப் படைப்பது, பிறருக்கு உதவுவது, முன்னின்று நடத்துவது, ஒழுங்குபடுத்துவது என்று ஆறு. எழுதிப் பாருங்கள், நல்லதுதான். ஆனால் தேர்வு உங்களைப் பற்றி மட்டுமே சொல்லும். அந்த வேலையில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டுமா, உட்கார வேண்டுமா, நாள் முழுக்க யாரோடு பேச வேண்டும் என்பதெல்லாம் செய்கிறவர் வாயிலிருந்துதான் வரும்.

அதனால் போய்க் கேளுங்கள். இருபது நிமிடம் போதும் என்று முன்பே சொல்லி, அவருக்கு வசதியான நேரத்தில் போங்கள். நேற்று என்ன செய்தீர்கள்? எந்த வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பீர்கள்? இதை விட்டுப் போனவர்கள் எதனால் போனார்கள்? இந்த மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்க வேண்டாம், புதிதாகச் சேருகிறவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கலாம். அங்கேயே வேலை வாங்கித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள், அடுத்த முறை அவர் கதவைத் திறக்கத் தயங்குவார். ஒருவரோடு நிறுத்தவும் கூடாது. சேர்ந்து ஒரு வருடம் ஆனவரும் இருபது வருடம் ஆனவரும் ஒரே வேலையை வேறு வேறாகச் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான்.

அப்புறம், வேலைக்குச் சேர்ந்த பிறகு. இதில் எனக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். என் முதல் வேலை ஒரு நிறுவனத்தில் பில் போடும் பிரிவில். இரண்டாவது மாதம் ஒரு பில்லில் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாக அடித்து அனுப்பிவிட்டேன். மதியம் எனக்கே தெரிந்துவிட்டது. பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் வாடிக்கையாளர் கூப்பிட்டுக் கத்தினார். என் மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பு எல்லாருக்கும் வரும்மா. மதியமே சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றி அனுப்பியிருப்போம்" என்றார். அவ்வளவுதான், குரலைக்கூட உயர்த்தவில்லை. பள்ளியில் தப்பு செய்தால் மதிப்பெண் குறையும், நமக்கு மட்டும்தான் நஷ்டம். அலுவலகத்தில் நம் தப்பின் மீது அடுத்தவர் தன் வேலையைக் கட்டிக்கொண்டிருப்பார். நேரமாக ஆக அது பெரிதாகும். தெரிந்த நிமிடமே, என்ன நடந்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

வேலைக்கான கடிதம் கைக்கு வந்தால் சந்தோஷத்தில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு இரவு வீட்டில் வைத்துப் படியுங்கள். அதில் எழுதியிருக்கும் மொத்தச் சம்பளம் வேறு, பிடித்தம் போகக் கைக்கு வருவது வேறு. 100 என்று எழுதியிருந்தால் வரி, ஓய்வூதியம், காப்பீடு என்று கழிந்து குறைவாகத்தான் வரும். எதற்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று சேருவதற்கு முன்பே கேட்கலாம், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. புரொபேஷன், அதாவது வேலையில் நிரந்தரமாக்குவதற்கு முந்தைய சோதனைக் காலம், எத்தனை மாதம், வேலையை விடுவதானால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், கூடுதல் நேரம் இருந்தால் அதற்கு என்ன தருவார்கள் என்பதையும் பாருங்கள். 1919-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே தொழிற்சாலை வேலை என்றால் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான். வேலை நேரத்தைப் பற்றிக் கேட்டால் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்று தயங்கும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். நூறு வருடத்துக்கு மேலாக உலகம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது.

இன்னொன்று. வேலை தருகிறேன், முதலில் பதிவுக்குப் பணம் கட்டு என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் பற்றி அதே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 1997-ஆம் வருட உடன்படிக்கை, பொதுவாக வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் சம்பளம் கொடுக்க வேண்டியவர் உங்களிடம் பணம் கேட்கிறார் என்றால், வீட்டில் பெரியவர் ஒருவரிடம் சொல்லாமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

நாளைக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவரோடு காலையிலிருந்து மாலை வரை கூடவே இருக்கப்போகிறேன். லிஃப்டுக்கு மேலே ஏறும் இடத்தில் கேமரா கூடாது, பாதுகாப்பு விதி என்று சொல்லிவிட்டார். அதனால் அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கீழே இறங்கி வந்ததும் அவரையே சொல்லச் சொல்கிறேன்.