முழங்கையை மடக்கிப் பாருங்கள்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மாரே, தங்கையே, மார்த்தாண்டத்தில் இருந்தும் எல்லை தாண்டிப் பாறசாலையில் இருந்தும் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்திருக்கும் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சேகரித்து வைக்கும் சூப்பர் ஹீரோ பொம்மையின் உடைக்குப் புது வண்ணம் பூசுவது அதற்கு அழகா, அழிவா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழகுதான் என்று பேச வந்திருக்கிறேன். பேச்சுக்காக எடுத்த பக்கம் இல்லை ஐயா. எட்டு வருடமாக என் வீட்டுத் திண்ணையில் நான் செய்துவரும் வேலை இது.

எதிரணித் தலைவர், "பெட்டி பிரிக்காத பொம்மைக்குத்தான் மதிப்பு, பிரஷ் பட்டதும் போச்சு" என்றார். அவருக்குப் பின் வந்த தங்கை, "படைத்தவர் கொடுத்த நிறத்தை மாற்ற நாம் யார்?" என்று கேட்டார். மூன்றாவதாகப் பேசிய அண்ணன், "இரண்டு தடவை கையை மடக்கினால் பெயிண்ட் உரிந்துவிடும்" என்று முடித்தார்.

தங்கையின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் கனமான கேள்வி.

படைத்தவர் கொடுத்த நிறம் என்கிறோமே, எந்த நிறம்? 1962-இல் ஹல்க் என்ற அமெரிக்கச் சித்திரக்கதை நாயகனின் முதல் இதழ் வந்தபோது அவன் பச்சை இல்லை, சாம்பல். அன்றைய அச்சில் அந்தச் சாம்பல் ஒரு பக்கத்தில் ஒரு மாதிரியும் அடுத்த பக்கத்தில் வேறு மாதிரியும் விழுந்தது. இரண்டாம் இதழிலேயே பச்சையாக்கிவிட்டார்கள். உடைகூட இல்லை, தோலின் நிறமே மாறிவிட்டது. டேர்டெவில் 1964-இல் மஞ்சள் உடையில் பிறந்தான். அடுத்த ஆண்டு, ஏழாம் இதழில், சிவப்புக்கு வந்தான். இன்றைக்கு அவனை மஞ்சளில் காட்டினால் பாதிப் பேருக்கு அடையாளமே தெரியாது.

அயர்ன் மேன் கதை இன்னும் ஒரு படி மேலே. 1963 மார்ச் இதழில் அவன் கவசம் வெறும் சாம்பல் இரும்பு. அதைப் பார்த்து ஜனங்கள் மிரளுகிறார்கள் என்று தெரிந்ததும், அடுத்த இதழிலேயே கவசத்துக்குள் இருக்கும் டோனி ஸ்டார்க் அதைப் பொன் நிறமாக்கிக்கொள்கிறான். கவனியுங்கள் ஐயா, கதைக்குள்ளேயே நாயகன் தன் உடைக்குத் தானே வண்ணம் மாற்றுகிறான்! அந்த ஆண்டு முடிவதற்குள் சிவப்பும் பொன்னும் கலந்த புதுக் கவசமும் வந்துவிட்டது. நாயகனே செய்த காரியத்தை அவனை நேசிப்பவன் செய்தால் அது எப்படி அழிவாகும்?

பொம்மை செய்யும் கம்பெனிகளையும் பார்ப்போம். 1972-இல் மெகோ என்ற அமெரிக்கக் கம்பெனி எட்டு அங்குலப் பொம்மைகளை இறக்கியது. பெரும்பாலும் ஒரே உடம்பு அச்சு, துணி உடையும் தலையும்தான் வேறு. 2002-இல் தொடங்கி இன்றுவரை வரும் ஆறு அங்குல மார்வெல் லெஜண்ட்ஸ் வரிசையிலும் இந்தப் பழக்கம் உண்டு. வார்த்த உடம்பு ஒன்று, நிறத்தை மாற்றி அடித்தால் வேறு ஆள். அதற்கு அந்தத் தொழிலில் புழங்கும் பெயரே ரீபெயிண்ட்தான். ஆலையில் செய்தால் புது வரவு, திண்ணையில் செய்தால் கெடுதல் என்றால் அந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

சரி, அமெரிக்காவை விடுவோம். நம் ஊருக்கு வருவோம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த மண் நம் குமரி மாவட்டம். திருவட்டாறு கோயில் திருவிழாவில் கதகளி பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆட்டக்காரர்கள் வேஷம் போடும் அணியறையின் வாசலில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ஆட்டக்காரர் பாயில் மல்லாந்து படுத்திருப்பார். தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்து தாடை ஓரத்தில் சுட்டி என்ற வெள்ளை விளிம்பை ஒட்டிக்கொண்டிருப்பார். பச்சை பூசினால் அவர் அர்ஜுனன். சிவப்புத் தாடி கட்டினால் துச்சாதனன். வெள்ளைத் தாடி வந்தால் அனுமன். ஆள் ஒன்றுதான். நிறத்தைப் படித்துத்தான் அரங்கில் வந்தவன் யார் என்று நம் பாட்டிகள் சொன்னார்கள். நிறத்தை ஒரு மொழியாகவே படிக்கத் தெரிந்த ஊரில் நின்றுகொண்டு, உடையின் நிறத்தைத் தொடாதே என்று சொன்னால் எப்படி?

என் அப்பா போர்டு எழுதுகிறவர். ஃபிளக்ஸ் வந்த பிறகு போர்டு வேலை குறைந்துபோய், கோயில் சிற்பம், பள்ளிச் சுவர், கடற்கரை ஊர்களின் சுரூபங்கள் என்று பிழைப்பு நடந்தது. திருவிழாவுக்குக் கொடியேறும் முன்னால் அந்தோணியார் சுரூபத்துக்கும் மாதா சுரூபத்துக்கும் புது வண்ணம் அடிக்கக் கூப்பிடுவார்கள். உப்புக்காற்றில் மாதாவின் நீல மேலாடை வெளுத்துப் போயிருக்கும், மடிப்பின் ஓரங்களில் பொடிப்பொடியாக உதிரும். அப்பா முதல் நாள் பிரஷ்ஷையே தொடமாட்டார். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். எந்த மடிப்பில் நிழல் விழுகிறது, போன தடவை அடித்தவர் எந்த இடத்தில் அவசரப்பட்டிருக்கிறார் என்று எனக்குக் காட்டுவார். வருடம் முழுக்க அந்தச் சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டவர்கள்கூட அந்த அளவுக்கு உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சாமியையும் பொம்மையையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். கையின் வேலையைப் பற்றித்தான் பேசுகிறேன். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளின் 22 அடித் திருமேனி கல் அல்ல, மண்ணும் மூலிகையும் பிசினும் சேர்த்துச் செய்யும் கடுசர்க்கரை யோகம். 2022 ஜூலை 6 அன்று, 418 ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே குடமுழுக்கு நடந்தபோது இந்த மாவட்டமே திரண்டு நின்றது. அதற்கு முன்னால் கடுசர்க்கரைப் பூச்சைப் பொறுமையாகப் புதுப்பித்த கைகளை நாம் குறை சொன்னோமா? கும்பிட்டோம்.

இப்போது மூன்றாவது அண்ணனிடம் வருகிறேன். பெயிண்ட் உரியும் என்றார். உரியும் அண்ணே, தப்பாகச் செய்தால். எனக்கே நடந்தது. முதல் முதலில், சந்தையில் வாங்கிய விலை குறைந்த பொம்மை ஒன்றில் காருக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அடித்தேன். இடவப்பாதி மழை நேரம் வேறு. மூன்று வாரம் ஆகியும் கையில் ஒட்டியது. தங்கச்சி மகனின் பெருவிரல் ரேகை அதன் முதுகில் இன்றைக்கும் இருக்கிறது. மென்மையான பிவிசி பிளாஸ்டிக்கில் அதை வளையவைக்கும் எண்ணெய்ப் பொருள் ஒன்று கலந்திருக்கும். ஸ்ப்ரேயும் அதுவும் சேர்ந்தால் பூச்சு காயவே காயாது என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக்தான் சரி. அப்புறம், ஈரக்காற்றில் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால் கறுப்பு மேல் வெள்ளைப் படலம் படியும். நம் ஊரிலோ வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். அதனால் மாசி, பங்குனிக்காகக் காத்திருப்பேன்.

இதோ, சட்டைப் பையில் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். இது என் அண்ணனுடைய ஸ்பைடர் மேன். அண்ணன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். முதல் சம்பளத்தில் வாங்கி, ஏழு பேர் தங்கியிருந்த அறையில், தன் கட்டிலின் தலைமாட்டில் வைத்திருந்தார். ஜன்னல் வெயில் பட்டுச் சிவப்பு ஆரஞ்சாக வெளுத்தது. ஒரு தடவை மேலேயிருந்து விழுந்ததில் இடது குதிகாலில் ஒரு வெட்டு. விடுமுறைக்கு வந்தபோது என்னிடம் கொடுத்துவிட்டு, "எனக்கு அந்தக் கறுப்பு உடைதான் பிடிக்கும், அது கிடைக்கவே இல்லை" என்றார். 1984-இல் வந்த உடை அது. முழுக் கறுப்பு, நெஞ்சை நிறைத்துக்கொண்டு ஒரு வெள்ளைச் சிலந்தி.

அண்ணன் திரும்பிப் போன பிறகு வேலையை ஆரம்பித்தேன். பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, வெந்நீரில் போட்டு மூட்டை இளக்கிக் கைகளைத் தனியாகக் கழற்றினேன். முழங்கையில் இரண்டு பிளாஸ்டிக் ஒன்றோடு ஒன்று உரசுகிறது. அந்த இடுக்கில் பெயிண்டின் கனத்துக்கு இடமே கிடையாது. எதிரணி மூன்றாவது அண்ணன் சொன்ன உரிதல் நடப்பது அங்கேதான். ஆகவே மெல்லிய உப்புத்தாளால் மூட்டின் உள்பக்கத்தைத் தேய்த்து, ஒரு முடி நுழையும் அளவுக்கு இடம் விட்டேன். பிரைமர் அடித்தேன். பிறகு தண்ணீராகக் கரைத்த கறுப்பு, நான்கு கோட். ஒவ்வொன்றும் காயும் வரை அடுத்ததைத் தொடவில்லை. முதல் கோட் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பதறித் தடிமனாக அடிப்பவர்களின் பொம்மைதான் உரியும்.

சிலந்தியில் மாட்டிக்கொண்டேன். கறுப்பின் மேல் எத்தனை முறை வெள்ளை வைத்தாலும் சாம்பலாகவே நின்றது. அப்பா பின்னால் வந்து நின்று பார்த்தார். "கறுப்புக்கு மேல வெள்ளை நிக்காது மக்களே. வெள்ளையை முதல்ல வச்சிட்டு, கறுப்பைச் சுத்திலும் கொண்டு வா" என்றார். நாற்பது வருடம் போர்டு எழுதியவரின் சொல் அது. நெஞ்சை மட்டும் துடைத்தெடுத்து, வெள்ளையை விரித்து, மூன்று பூஜ்யம் நம்பர் பிரஷ்ஷில் கறுப்பை ஓரம் ஓரமாக நகர்த்தினேன். அந்த எட்டுக் கால்களுக்கு மட்டும் மூன்று இரவு ஆனது. மூச்சை அடக்கித்தான் ஒவ்வொரு கோடும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பழைய உடையின் சிவப்புப் பகுதியில் வலைக்கோடுகளை அச்சிலேயே பள்ளமாக வெட்டியிருந்தார்கள். கறுப்பு உடைக்கு வலைக்கோடு கிடையாது. புட்டி வைத்து அடைத்துவிடலாம். நான் அடைக்கவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் கறுப்புக்கு உள்ளே அந்தப் பழைய வலை இன்றைக்கும் தெரியும். அதைச் செதுக்கியவரின் கைத்திறன் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூக்குப் பகுதியில் தொடங்கி முகம் முழுவதும் விரிந்து போகிறது அந்த வலை, ஒரு கோடும் பிசகவில்லை. ஏழு வருடம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன்கூட அதைக் கவனித்ததில்லை. தங்கையே, படைத்தவரை அவமதிக்கிறோம் என்றீர்கள். பூசத் தொடங்கிய பிறகுதான் அவரை நான் பார்க்கவே தொடங்கினேன்.

அடுத்த விடுமுறையில் அண்ணன் கையில் கொடுத்தபோது அவர் நம்பவில்லை. "எடே, இது அதுதானா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இடது குதிகாலைத் தடவினார். அந்த வெட்டையும் நான் அடைக்காமல் விட்டிருந்தேன். விரல் அங்கே நின்றது. கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை.

எதிரணித் தலைவர் விலையைச் சொன்னார். நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. நாற்பது, ஐம்பது வருடம் பெட்டி பிரியாமல் தப்பி வந்த பொம்மை ஒன்று கிடைத்தால் அதில் நான் பிரஷ் வைக்கமாட்டேன், யாரையும் வைக்கவும் விடமாட்டேன். அதேபோல வண்ணம் மாற்றியதை அசல் என்று சொல்லி விற்பது பச்சை ஏமாற்று. நான் பூசிய ஒவ்வொன்றின் பாதத்துக்கு அடியிலும் மாதமும் வருடமும் எழுதிவிடுவேன். ஆனால் அண்ணே, கடைகளில் தொங்கும் ஆயிரக்கணக்கான பொம்மைகள் அந்த வகை இல்லை. வெளுத்து, தேய்ந்து, மூட்டு தளர்ந்து, அலமாரியின் பின்வரிசைக்குப் போனவை எத்தனை வீட்டில் இருக்கின்றன! அவற்றைப் பெட்டிக்குள் திரும்ப வைக்க முடியாது. கையில் எடுக்கத்தான் முடியும். வெளுத்த ஸ்பைடர் மேனுக்குச் சந்தையில் என்ன கிடைக்கும் என்று கேட்டால் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. அண்ணன் அதை இந்தத் தடவை ஷார்ஜாவுக்குக் கொண்டுபோகவில்லை, அங்கே வெயில் படும் என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது தெரியும்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துவிடுகிறேன். பொம்மையை உங்கள் மேஜையில் வைக்கிறேன். பூசி மூன்று வருடம் ஆகிறது. தங்கச்சி மகன் தினமும் எடுத்து விளையாடுகிறான். தீர்ப்புச் சொல்லும் முன்னால் நீங்களே அதன் முழங்கையை மடக்கிப் பாருங்கள். பத்துத் தடவை மடக்குங்கள். மூன்றாவது அண்ணனையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.